ஒரு சிட்டிகை உப்பு

என் பாட்டிக்கு எட்டுக் குழந்தைகள் பிறந்தன, ஐந்து தங்கின. போன மூன்றில் இரண்டு ஒரே வாரத்தில் போயின. எதனால் என்று கேட்டால், "வாந்திபேதி" என்று ஒரே ஒரு வார்த்தைதான் சொல்லுவாள். வாசலில் வேப்பிலை கட்டினார்களாம். அம்மனுக்குக் கூழ் ஊற்றுவதாக வேண்டிக்கொண்டார்களாம். பெரிய குழந்தை தண்ணீர் தண்ணீர் என்று அழுதது, கொடுக்கவில்லை. பேதியாகிற வயிற்றில் தண்ணீர் விட்டால் இன்னும் போகும் என்பது அந்தக் காலத்து வைத்தியம். பாட்டி கடைசிவரைக்கும் அதைச் சரியான வைத்தியம் என்றே நம்பினாள். நானும் அவளைத் திருத்தவில்லை. எண்பது வயதுக் கிழவியிடம் போய், "நீ தண்ணீர் கொடுத்திருந்தால் பிழைத்திருக்கும்" என்று சொல்ல எந்தப் பேரனுக்கு மனம் வரும்?

இன்று எந்த மருந்துக் கடையிலும் அந்தப் பொட்டலம் கிடைக்கிறது. உப்பும் சர்க்கரையும் கலந்த பொடி; ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டியதுதான். என் பெண்ணுக்கு ஒருமுறை ராத்திரி இரண்டு மணிக்கு நானே கரைத்துக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பொட்டலத்துக்குப் பின்னால் இருக்கிற சரித்திரத்தைப் படிக்கத் தொடங்கியபோது, நான் எதிர்பாராத ஒரு விஷயத்தில் போய் நின்றேன். ஒரு நாட்டில் ஏழைகளுக்கு வேண்டியதைச் செய்வது யார் பொறுப்பு, சர்க்காருடையதா, தாமாக முன்வந்து வேலை செய்கிறவர்களுடையதா என்ற பழைய வழக்கு அது.

இந்த வழக்கில் என் நண்பர் ஒருவருக்குத் தீர்மானமான அபிப்பிராயம் உண்டு. வருவாய்த் துறையில் முப்பது வருஷம் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்றவர். "தொண்டு ஸ்தாபனம் என்றால் என்ன சார்? வெளிநாட்டுப் பணம், ஒரு ஜீப்பு, வழவழ காகிதத்தில் ஓர் அறிக்கை. ரோடு போடுகிறவன் சர்க்கார்தான், ரேஷன் கொடுக்கிறவன் சர்க்கார்தான். பஞ்சம் வந்தால் ஜனங்கள் கல்லெறிய வருவதும் எங்கள் ஆபீசுக்குத்தான்" என்பார். கடைசி வாக்கியத்தில் நியாயம் இருக்கிறது. அவருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற ஆசையில்தான் நான் வங்கதேசத்தைப் பற்றிப் படித்தேன். படித்து முடித்தபோது பாதிப் பதில்தான் கிடைத்தது.

கதை டாக்காவில் ஆரம்பிக்கிறது. அங்கே 1960-ல் ஒரு காலரா ஆராய்ச்சிக் கூடம் ஏற்பட்டது. அப்போது அது கிழக்குப் பாகிஸ்தான். தென்கிழக்காசிய ராணுவ ஒப்பந்த அமைப்பின் பெயரால், அமெரிக்காவின் உதவியோடு வந்த கூடம் அது. ஏழைகளின் குழந்தைகளைக் காப்பாற்றிய மருந்து ஒரு ராணுவக் கூட்டணியின் மடியிலே வளர்ந்தது என்பது வேடிக்கைதான். டேவிட் நளின், ரிச்சர்ட் காஷ் என்ற இரண்டு இளம் அமெரிக்க டாக்டர்கள் 1968-ல் அங்கே ஒரு பரீட்சை செய்து பார்த்தார்கள். காலரா கண்ட குடல் வெறும் உப்புத் தண்ணீரை ஏற்றுக்கொள்ளாது. அதோடு குளுகோஸைச் சேர்த்துக் கொடுத்தால், சர்க்கரை உப்பைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போகிறது. உப்பின் பின்னால் தண்ணீரும் போகிறது. நரம்பில் ஊசி ஏற்றிச் செய்கிற காரியத்தில் பெரும்பகுதியை வாய் வழியாகவே செய்துவிடலாம் என்று தெரிந்தது.

தெரிந்ததே தவிர, டாக்டர்கள் நம்பவில்லை. பாட்டில் தொங்கவிடாமல் காலராவுக்கு வைத்தியமா என்று கேட்டார்கள். அவர்களை நம்ப வைக்க ஒரு யுத்தம் வேண்டியிருந்தது. 1971-ல் கிழக்கு வங்கத்திலிருந்து ஏறக்குறைய ஒரு கோடி ஜனங்கள் எல்லையைத் தாண்டி இந்தியாவுக்குள் வந்தார்கள். எல்லையோர ஊரான பன்காவில் காலரா பரவியது. ஆஸ்பத்திரியில் காலரா நோயாளிகளுக்கு இருந்தது இரண்டே அறை, பதினாறு படுக்கை. தரையெல்லாம் நோயாளிகள். நரம்பில் ஏற்றுகிற திரவம் தீர்ந்துகொண்டிருந்தது. அங்கே போயிருந்த கல்கத்தா டாக்டர் திலீப் மஹலனாபிஸ் ஒரு துணிச்சலான காரியம் செய்தார். உப்பு, சோடா உப்பு, குளுகோஸ் மூன்றையும் தண்ணீரில் கலந்து பீப்பாய்களில் நிரப்பி, நோயாளிகளின் தாயையும் தமக்கையையும் கூப்பிட்டு, "நீங்களே மொண்டு கொடுங்கள்" என்று விட்டுவிட்டார். நூற்றுக்கு முப்பது பேர் வரையில் செத்துக்கொண்டிருந்த இடத்தில், சாவு நூற்றுக்கு நாலுக்கும் கீழே இறங்கியது. வெள்ளைக் கோட்டுப் போடாதவர்கள் கையால் கொடுத்த மருந்து அது. இதைப் பிற்பாடு வரப்போகிற விஷயத்துக்காக ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்தச் சமயத்தில் ஃபஸ்லே ஹசன் ஆபேத் என்பவர் லண்டனில் இருந்தார். கணக்கு வித்தை படித்தவர். ஷெல் எண்ணெய்க் கம்பெனியின் சிட்டகாங் ஆபீசில் பெரிய உத்தியோகம், நல்ல பங்களா. 1970 நவம்பர் 12-ஆம் தேதி ராத்திரி வங்கக் கடலோரத்தை ஒரு புயல் அடித்துக்கொண்டு போயிற்று. லட்சக்கணக்கில் செத்தார்கள். ஆபேதும் சிநேகிதர்களும் மன்புரா என்ற தீவுக்கு அரிசியும் துணியும் கொண்டுபோனார்கள். மிதந்த பிணங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பியவருக்குப் பங்களாவிலே தூக்கம் வரவில்லை. அடுத்த மார்ச்சில் யுத்தம் மூண்டது. காபூல் வழியாகத் தப்பி லண்டன் போய் விடுதலைக்காகப் பணம் திரட்டினார். தேசம் விடுதலை அடைந்ததும், லண்டனில் தமக்கிருந்த வீட்டை விற்றுப் பணத்தை எடுத்துக்கொண்டு வந்தார். 1972 பிப்ரவரியில் வடகிழக்கே சுல்லா என்ற வெள்ளக்காட்டுப் பிரதேசத்தில் வேலையைத் தொடங்கினார். திரும்பி வந்த அகதிகளுக்கு வீடு கட்ட வேண்டும்; அஸ்ஸாமிலிருந்து மூங்கிலைத் தெப்பமாகக் கட்டி ஆற்றில் மிதக்கவிட்டுக் கொண்டுவந்தார்கள். அந்த ஸ்தாபனத்துக்கு பிராக் என்று பெயர். ஒரு வருஷத்தில் வேலை முடிந்துவிடும், பிறகு சர்க்கார் பார்த்துக்கொள்ளும் என்றுதான் அவர் நினைத்தாராம்.

சர்க்காரால் பார்த்துக்கொள்ள முடியவில்லை. அதைக் குற்றமாகவும் சொல்வதற்கில்லை. பாலங்கள் உடைந்து கிடந்தன, கஜானா காலி, உத்தியோகஸ்தர்களில் பாதிப்பேர் புதியவர்கள். 1974-ல் பஞ்சம் வந்தது. 1975-ல் ஜனாதிபதி முஜிபுர் ரஹ்மான் குடும்பத்தோடு சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்குப் பிறகு ஒரு ஜெனரல், அவருக்குப் பின் இன்னொரு ஜெனரல். இந்தக் களேபரத்தில் கிராமத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டு வேலை செய்கிறவர்களை எந்த மந்திரியும் போகாதே என்று சொல்லவில்லை. இடம் காலியாக இருந்தது, வந்து உட்கார்ந்தார்கள். வங்கதேசத்துத் தொண்டு ஸ்தாபனங்கள் பெரிதாக வளர்ந்ததற்கு அவற்றின் புண்ணியம் பாதி காரணம் என்றால், சர்க்காரின் இயலாமை மறு பாதி.

1979-ஐ உலகமெங்கும் குழந்தைகள் வருஷம் என்று கொண்டாடினார்கள். ஆபேத் யோசித்தார். நாட்டில் குழந்தைகள் அதிகமாகச் சாவது பேதியினால். மருந்தோ உப்பும் சர்க்கரையும். ஆனால் பொட்டலம் செய்து, லாரியில் ஏற்றி, படகில் இறக்கி, சேற்றில் நடந்து ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி? சர்க்கார் பொட்டலத்தைத்தான் நம்பியிருந்தது. பொட்டலத்தில் அளவு தப்பாது. அதுவும் ஒரு நியாயந்தான். படிக்காத ஒரு தாய் கையால் உப்பு அள்ளிப் போட்டால் அளவு கூடிவிடும், உப்பு அதிகமானால் குழந்தைக்கே ஆபத்து என்று நிபுணர்கள் எச்சரித்தார்கள். ஆபேத் சுல்லாவில் பரீட்சித்துப் பார்த்தார். மூன்று விரல் நுனியால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். எந்த ஏழை வீட்டிலும் இருக்கிற சாமான்கள். தாய்மார்கள் கலந்ததை ஆராய்ச்சிக் கூடத்தில் சோதித்தபோது அளவு பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

இதை நான் என் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். தாலி கட்டிக்கொண்டு அந்தப் பாட்டி வீட்டுக்கு மருமகளாக வந்தவள். பிறகு அரிசிக் கஞ்சியில் உப்புப் போட்டுக் கொடுத்தாலும் இதே வேலையைச் செய்யும் என்று டாக்காவிலேயே கண்டுபிடித்ததையும் சொன்னேன். அம்மா சற்று நேரம் பேசவில்லை. "உப்பும் கஞ்சியுமா? அது வீட்டிலேதானேடா இருந்தது!" என்றாள்.

1980-ல் பெரிய வேலை ஆரம்பித்தது. கிராமத்துப் பெண்களில் நாலெழுத்துப் படித்தவர்களைத் தேர்ந்தெடுத்துப் பழக்கினார்கள். குழுக் குழுவாக ஊருக்கு ஊர் முகாம் போட்டு, வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். பெண்கள் தனியாக ஊர் சுற்றுவதா என்று முறைத்தவர்கள் உண்டு. அந்தப் பெண் வாசலில் உட்கார்ந்து, அந்த வீட்டுப் பாத்திரத்திலேயே அரை சேர் அளந்து அடையாளம் போட்டுக் கொடுப்பாள். தாயைத் தன் கையாலேயே கலக்கச் சொல்லுவாள். பேதியைப் பற்றி நினைவில் வைக்க வேண்டியவற்றைப் பாட்டுப் போல ஒப்பிக்கச் சொல்லுவாள். பிறகு அடுத்த வீடு.

சம்பள விஷயத்தில்தான் கணக்குப் பிள்ளையின் மூளை தெரிகிறது. எத்தனை வீடு ஏறினாய் என்று யாரும் கேட்கவில்லை. சில வாரங்கள் கழித்து வேறோர் ஆள் அதே ஊருக்குப் போய், சில வீடுகளை மட்டும் பொறுக்கி எடுத்து, அந்தத் தாயிடம் என்ன ஞாபகம் இருக்கிறது என்று கேட்பான். கலக்கச் சொல்லிப் பார்ப்பான். தாய்க்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ அவ்வளவுக்குத்தான் சொல்லிக்கொடுத்தவளுக்குக் கூலி. எதுவும் ஞாபகம் இல்லையென்றால் அந்த வீட்டுக்குக் காசு கிடையாது. வாத்தியார்களுக்கெல்லாம் இப்படிச் சம்பளம் கொடுத்தால் நம் ஊரில் என்ன ஆகும் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். என் வாத்தியார்களில் சிலர் பட்டினி கிடந்திருப்பார்கள். அதில் பாதி என் பாவம்.

பரீட்சையில் தாய்மார்கள் நன்றாகத் தேறினார்கள். ஆனால் பேதி வந்தபோது அந்தத் தண்ணீரை உண்மையில் கொடுத்தார்களா என்று விசாரித்தால், நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. ஒரு சர்க்கார் திட்டமாக இருந்திருந்தால் "இத்தனை லட்சம் பேருக்குக் கற்பிக்கப்பட்டது" என்று எழுதிக் கோப்பைக் கட்டியிருப்பார்கள். பல தொண்டு ஸ்தாபனங்களும் அதைத்தான் செய்திருக்கும். நண்பர் சொல்கிற வழவழ காகித அறிக்கை அப்படித்தான் பிறக்கிறது. இவர்கள் ஏன் என்று தேடினார்கள். கிடைத்த விடை வெட்கப்படத் தக்கது. சொல்லிக்கொடுத்த பெண்களுக்கே அந்த மருந்தில் நம்பிக்கை இல்லை. தங்களுக்குப் பேதி வந்தால் அவர்கள் கடையில் மாத்திரை வாங்கித்தான் விழுங்கினார்கள். வாசலில் உட்கார்ந்திருந்த தாய்க்கு அது எப்படியோ தெரிந்துவிடுகிறது! கதை எழுதுகிறவனுக்கு இது புதிதல்ல. தான் நம்பாததை எழுதினால் வாசகர் மூன்றாவது பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுகிறார்.

ஊழியர்களை டாக்கா காலரா ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார்கள். கண் செருகிக் கிடந்த குழந்தை அந்தத் தண்ணீரைக் குடித்துச் சில மணி நேரத்தில் எழுந்து உட்காருவதைக் கண்ணால் பார்க்க வைத்தார்கள். சொல்லிக்கொடுக்கும்போது முதலில் தாங்களே ஒரு வாய் குடித்துக் காட்ட வேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். இன்னொரு தவறும் வெளிப்பட்டது. பெண்களிடம் மட்டும் பேசினார்கள். வீட்டில் தீர்மானம் செய்கிற ஆண்பிள்ளையை யாரும் கேட்கவில்லை. எனவே மசூதியிலும் சந்தையிலும் பள்ளிக்கூடத்திலும் பேச ஆரம்பித்தார்கள். 1990-ல் வேலை முடிந்தபோது ஒரு கோடியே இருபது லட்சம் வீடுகளுக்கு மேல் ஏறி இறங்கியிருந்தார்கள்.

இங்கே கதையை முடித்தால் தொண்டு ஸ்தாபனத்துக்கு வெற்றி என்று தீர்ப்பாகிவிடும். அது சரியல்ல. தாய்மார்களிடம் தேவை பிறந்த பிறகு, அதை நிறைவேற்றியது பெரும்பாலும் பொட்டலந்தான். கடைக்குக் கடை அது வந்து சேர்ந்தது. சர்க்கார் பிடிவாதமாகப் பொட்டலத்தைச் சொன்னது கடைசியில் வீண் போகவில்லை. தடுப்பூசி விஷயத்தில் இது இன்னும் தெளிவு. எண்பதுகளின் நடுவில் அந்நாட்டில் எல்லாத் தடுப்பூசியும் போட்ட குழந்தைகள் நூற்றுக்கு இரண்டு பேர் அளவுதான். சர்க்கார் 1990-க்குள் எல்லாருக்கும் என்று கிளம்பியது. மருந்தைக் குளிர் குலையாமல் கிராமம் வரைக்கும் கொண்டுபோக ஐஸ் பெட்டியும், ஊசி போடுகிற ஊழியரும், ஜில்லா ஆபீசும் வேண்டும். அவை சர்க்காரிடம் இருந்தன. தாய்மார்களை வீட்டிலிருந்து கூப்பிட்டுக்கொண்டு வர ஆள் வேண்டும். அது பிராக் போன்றவர்களிடம் இருந்தது. ஐந்து வருஷத்துக்குள் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு ஊசி போட்டுவிட்டார்கள். 1990-ஐ ஒட்டி, ஐந்து வயதுக்குள் ஆயிரத்துக்கு 140-க்கு மேற்பட்ட குழந்தைகளை இழந்துகொண்டிருந்த நாடு அது. 2020-ஐ ஒட்டி அந்த எண் முப்பது அளவுக்கு வந்தது.

இவ்வளவு சேர்ந்து செய்தவர்கள் சிநேகமாக இருந்தார்களா என்றால், அதுதான் இல்லை. வெளிநாட்டுப் பணம் வாங்குகிற ஸ்தாபனங்களுக்கு 1978-லேயே ஒரு சட்டம் வந்தது. 1990-ல் அவற்றை மேற்பார்க்க ஒரு தனி இலாகாவே ஏற்பட்டது. ஒவ்வொரு திட்டத்துக்கும் அங்கே அனுமதி வாங்க வேண்டியிருந்தது. 2016-ஆம் வருஷத்துச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. அரசியல் சட்டத்தையோ அரசியல் சட்ட ஸ்தாபனங்களையோ இழித்துப் பேசினால் பதிவே ரத்தாகலாம். சர்க்கார் பக்கத்திலும் பேச்சு இருக்கிறது. பிராக் கைவினைக் கடை வைத்தது, பாங்கி வைத்தது, பல்கலைக் கழகம் வைத்தது. ஒரு லட்சத்துக்கு மேல் ஊழியர்கள் சேர்ந்தார்கள். இது தொண்டா, இன்னொரு சர்க்காரா என்று கேட்டார்கள். ஆபேதுக்கு யார் வோட்டுப் போட்டார்கள்? கெட்டிக்காரப் பிள்ளைகள் சர்க்கார் வேலைக்கு வராமல் அங்கே போனால் சர்க்கார் எப்போது திருந்தும்? எனக்கு இந்தக் கேள்விகள் பொறாமையில் பிறந்தவையாக மட்டும் தோன்றவில்லை.

1985-ல் இருபத்திரண்டு ஓரறைப் பள்ளிக்கூடங்களோடு பிராக் கல்வியிலும் இறங்கியது. பள்ளிக்குப் போகாத ஏழைப் பிள்ளைகள், அதிலும் பெண் குழந்தைகள் அதிகம். ஊரிலேயே ஒரு பெண் வாத்தியார். 1993, 94-ல் மதத்தின் பெயரால் சிலர் பல பள்ளிக்கூடங்களைக் கொளுத்தினார்கள். அப்போது வோட்டு வாங்கிய சர்க்கார் அதிகமாக வாய் திறக்கவில்லை. கொளுத்தியவர்களுக்கும் வோட்டு உண்டு. கூரை போன பள்ளிக்கூடத்துப் பெண் குழந்தைக்கு வோட்டுக் கிடையாது.

ஜாஃபருல்லா சௌத்ரி கதை வேறு மாதிரி. லண்டனில் அறுவை வைத்தியம் படித்துக்கொண்டிருந்தவர், 1971-ல் அதை விட்டுவிட்டு வந்து, திரிபுராவில் விடுதலைப் படையினருக்கு மூங்கில் ஆஸ்பத்திரி நடத்தினார். பிறகு சவாரில் மக்கள் ஆரோக்கிய நிலையம் ஒன்றை ஏற்படுத்தினார். 1982-ல் ஜெனரல் எர்ஷாத் ஆட்சியைப் பிடித்தார். அவருடைய சர்க்கார் அமைத்த எட்டுப் பேர் கமிட்டியில் ஜாஃபருல்லாவும் ஒருவர். பயனற்றவை அல்லது தீங்கானவை என்று ஆயிரத்து எழுநூறு மருந்துகளை விலக்கச் சொன்னார்கள். ஜூன் மாதமே சட்டம் வந்துவிட்டது. அந்நிய மருந்துக் கம்பெனிகள் கொதித்தன. அமெரிக்கத் தூதர் வந்து பேசினார். சட்டம் நின்றது, உள்நாட்டு மருந்துத் தொழில் அதன் நிழலில்தான் வளர்ந்தது. ஒரு பார்லிமெண்டு இருந்திருந்தால் இந்தச் சட்டம் கமிட்டி கமிட்டியாக அலைந்து செத்திருக்கும் என்றே நினைக்கிறேன். ஆனால் துப்பாக்கியால் பதவிக்கு வந்தவர் கையால் நல்ல சட்டம் வாங்கிக்கொள்வது சரியா? சக வைத்தியர்கள் பலர் அவரைக் கடைசிவரை மன்னிக்கவில்லை. நானாக இருந்தால் வாங்கியிருப்பேன். ராத்திரி தூக்கம் வந்திருக்காது.

முகமது யூனுஸ் விஷயம் எல்லாருக்கும் தெரிந்தது. அவருடைய கிராமீன் பாங்கிக்கு 1983-ல் தனிச் சட்டம் கொடுத்ததும் சர்க்கார்தான். 2011-ல் வயதைக் காட்டி அவரை அதிலிருந்து வெளியேற்றியதும் சர்க்கார்தான். 2024 ஆகஸ்டில் மாணவர் கிளர்ச்சியில் ஆட்சி கவிழ்ந்தபோது, அவரையே கூப்பிட்டு இடைக்கால சர்க்காருக்குத் தலைமை தாங்கச் சொன்னார்கள். தொண்டு ஸ்தாபனக்காரர் மேஜைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார். ஆபேத் அதைப் பார்க்கவில்லை. 2019 டிசம்பரில் காலமானார்.

எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு ஒன்றைச் சொல்லவில்லை. க்ஷயரோக மருந்தை மாதக்கணக்கில் விடாமல் சாப்பிட வேண்டும். உடம்பு சற்றுத் தேறியதும் ஜனங்கள் நிறுத்திவிடுகிறார்கள். 1984-ல் மாணிக்கஞ்சில் பிராக் ஒரு வழி கண்டது. நோயாளி முதலில் ஒரு சிறு தொகையை முன்பணமாகக் கட்ட வேண்டும். வழியில்லாதவர்களுக்கு விலக்கு உண்டு. ஊரிலேயே உள்ள ஒரு சேவிகை தன் கண் முன்னால் மாத்திரையை விழுங்க வைப்பாள். சிகிச்சையை முடித்தால் அவளுடைய பங்கு போக மீதிப் பணம் திரும்பி வரும். பத்து வருஷம் கழித்து சர்க்காரும் பிராக்கும் ஒப்பந்தம் செய்துகொண்டன. மருந்து சர்க்காருடையது, பரிசோதனைச் சட்டமும் சர்க்காருடையது. வாசல்படி ஏறுகிற கால் மட்டும் சேவிகையினுடையது.

இதை நண்பரிடம் விவரமாகச் சொன்னேன். முகத்தில் ஒரு மாறுதலும் இல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு காபியைக் கீழே வைத்துவிட்டு, "அந்த முன்பணத்துக்கு ரசீது கொடுத்தார்களா?" என்று கேட்டார்.